அதுகள் சாப்பிட்டுக்கொண்டிருக்குதுகள்

அன்புள்ள ஐயா,

திருகோணமலை நகரில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். போன நவம்பரில் நல்ல கமரா ஒன்று வாங்கினேன். மாரி காலத்தில் எங்கள் கரையில் ஹோட்டல்காரர் கதவைச் சாத்தினாலும் பறவைகளுக்கு அதுதான் சீசன் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துத்தான் வாங்கினேன். இப்போது சனி, ஞாயிறுகளில் அக்காவின் மகனையும் கூட்டிக்கொண்டு உப்புவெளியில் இருந்து சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கம் நடக்கிறேன். அவனுக்கு 10 வயது.

எந்தெந்த இடங்களுக்குப் போகலாம்? பைனாகுலர் எட்டு மடங்கா, பத்து மடங்கா வாங்குவது? தமிழ்ப் பெயர்களை எங்கே தேடுவது? கரையில் நின்று பார்த்தால் ஆட்கள் சிரிக்கிறார்கள், இது வெள்ளைக்காரர் வேலை என்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்ல?

போன ஞாயிறு களப்பில் எடுத்த படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். மருமகன் கை தட்டிக்கொண்டு ஓட, முழுப் பறவைக் கூட்டமும் ஒரே நேரத்தில் எழும்பியது. உடம்பு சிலிர்த்துவிட்டது. இதைவிட நல்ல படம் நான் இன்னும் எடுக்கவில்லை.

ம., திருகோணமலை

—

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். நல்ல படம்தான், பொய் சொல்ல மாட்டேன். காலை வெளிச்சம் இறக்கையின் அடிப்பக்கத்தில் விழுந்திருக்கிறது. ஆனால் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. இதைப் பற்றியே சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால் பதில் கொஞ்சம் சூடாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மற்றக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பைனாகுலர் எட்டு மடங்கு போதும். வாடைக்காற்றில் பத்து மடங்கைக் கையில் பிடித்தால் பறவையை விட உங்கள் கைநடுக்கம்தான் பெரிதாகத் தெரியும். ஆட்கள் சிரித்தால் சிரிக்கட்டும். ஆலாப் பறவைகள் மீனுக்கு எங்கே விழுந்து குத்துகின்றன என்று பார்த்துத் தோணியைத் திருப்புகிறவன் நம் கரையில் எந்தக் காலத்திலும் இருந்தான், அவனிடம் வெள்ளைக்காரர் கதை செல்லாது.

இடங்கள்: சாம்பல்தீவுக் களப்பு, நிலாவெளி உப்பளம், இறக்கக்கண்டிப் பாலத்தடி, நகரத்துக்குத் தெற்கே கிண்ணியாப் பக்கம் உப்பாறு, தம்பலகாமத்து வயல்கள். வடக்கே போக வசதி இருந்தால் கொக்கிளாய், அது 1951இல் இருந்தே சரணாலயம். புறாத்தீவை இப்போது விட்டுவிடுங்கள், இந்த மாதங்களில் கடல் விடாது.

நேரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இங்கிலாந்துக்காரர் எழுதிய குறிப்புகளில் எல்லாம் வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்த்துப் போ என்று இருக்கும். நமக்கு அது உதவாது. இலங்கைக் கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீற்றர்கூட இல்லை. இங்கே கணக்கு மழைதான். நவம்பர், டிசம்பர் மழையில் களப்பு நிரம்பினால் குட்டைக்கால் பறவைகளுக்கு நிற்க இடம் இருக்காது. நெடுங்கால் உள்ளான் மட்டும் முழங்கால் தண்ணீரில் நின்று சமாளிக்கும். முகத்துவாரம் வெட்டுப்பட்டு, ஜனவரிக் கடைசியில் தண்ணீர் இறங்கி, ஓரத்தில் சேறு ஒரு முழ அகலத்துக்குத் தெரியத் தொடங்கும் பாருங்கள், அந்த ஒரு முழத்தில்தான் எல்லாப் பந்தியும் நடக்கும்.

பெயர்களுக்கு வருகிறேன். தேடினால் கிடைக்கும், அவசரம் இல்லை. உங்கள் படத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவை கொசு உள்ளான். நாம் நுளம்பு என்போம், பெயரில் கொசு என்று இருக்கிறது, சரி, இருக்கட்டும். இடையில் கொஞ்சம் பெரிதாக, சொண்டு கீழே வளைந்து தெரிவது வளைமூக்கு உள்ளான். வெள்ளை வயிறும் குட்டைச் சொண்டுமாக இருப்பவை உப்புக்கொத்திகள். உப்பளத்தில் நின்று அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பாருங்கள், பெயர் வைத்தவன் எங்கே நின்று வைத்தான் என்று தெரியும்.

இனி அந்தப் படம்.

கொசு உள்ளான் ஒன்றின் எடை 30 கிராமும் தேறாது. மூன்று சின்ன வெங்காயத்தின் நிறை. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ருஷ்யாவின் வடகோடியில், மரம் முளைக்காத பனிவெளியில். அங்கே கோடை இரண்டு மாதம்தான். ஓகஸ்ட்டில் இருந்து இந்தப் பக்கம் வந்து சேர்கின்றன, ஏப்ரலில் திரும்புகின்றன. இது ஏதோ ஊகம் இல்லை. 2021இல் மன்னாரில் முதுகில் கருவி கட்டி விட்ட கடற்காகங்கள் இந்தியாவைக் கடந்து, ருஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போனதைக் கொழும்புப் பல்கலைக்கழகத்து ஆட்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடற்காகம் பெரிய பறவை. இது வெங்காயம்.

இவ்வளவு தூரம் போக அதற்கு இருக்கும் ஒரே எரிபொருள் கொழுப்பு. அந்தக் கொழுப்பைச் சேர்க்கும் இடம் சாம்பல்தீவுச் சேறு. புறப்படும் முன் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகும் இனங்கள் இருக்கின்றன. அதற்காகத்தான் பகல் முழுக்க மேய்கிறது, போதாவிட்டால் இரவிலும் மேய்கிறது. சும்மா நிற்பதைவிடப் பறப்பதற்குப் பல மடங்கு செலவு. உங்கள் மருமகன் ஒருதரம் கை தட்டினால், அது அன்று காலை தின்றதில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஒருதரம்தானே என்பீர்கள். உங்களுக்கு முன்னால் ஒரு நாய் துரத்தியிருக்கும், உங்களுக்குப் பின்னால் ஒருவர் கரையில் மோட்டார் சைக்கிள் ஓட்டியிருப்பார், பத்து மணிக்கு ஒருவர் ட்ரோன் விட்டிருப்பார். ஒவ்வொருவருக்கும் அது ஒருதரம். பறவைக்கு அது நாள் முழுக்க.

நான் ஏன் இதைப் பிடித்துத் தொங்குகிறேன் என்று சொல்கிறேன். எனக்கு ஒன்பது வயது இருக்கும். அப்பா களப்பில் வீச்சுவலை எறிவார், நான் பறியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். ஒருநாள் மறுகரையில் உள்ளான் கூட்டம் ஒன்று மேய்ந்தது. நான் கல் ஒன்றை எடுத்து எறிந்தேன். எல்லாம் எழும்பி, ஒரு வளையம் போட்டு, திரும்ப வந்து இறங்கின. மறுபடியும் கல்லை எடுத்தேன். அப்பா வலையைத் தோளில் போட்டபடியே திரும்பிப் பார்த்தார். அடிக்கவில்லை, சத்தம் போடவுமில்லை. “விடு. அதுகள் சாப்பிட்டுக்கொண்டிருக்குதுகள்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் உள்ளான் இறைச்சி தின்றவர்தான், கண்ணி வைக்கத் தெரிந்தவர்தான். ஆனால் சாப்பாட்டில் இருந்து எழுப்புவது அவருக்கு வேறு கணக்கு.

சண்டை மறுபடி தொடங்கிய 1990 ஜூனில், ஒரு மத்தியானம், அம்மா சோறு போட்டுவிட்டு நின்றார். சிவப்பரிசிச் சோறு, மேலே சொதி. இரண்டாவது பிடி பிசைந்துகொண்டிருக்கும்போது ரோட்டால் ஆட்கள் ஓடி வந்தார்கள். எழும்பினோம், கை கழுவவில்லை. அன்று பின்னேரம் ஒரு கிணற்றடிக்குப் போய்ச் சேரும்வரை என் வலது கையில் சோறு இருந்தது. விரல் இடுக்கில் காய்ந்து, தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, உதறினாலும் போகாது. அம்மா அந்தக் கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நம் ஊரில் உங்கள் வயதுக்கு மேற்பட்ட யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு சாப்பாட்டுக் கதை இருக்கும். உங்கள் வீட்டிலும் கேளுங்கள். கேட்டுவிட்டு அந்தப் படத்தை இன்னொருமுறை பாருங்கள்.

பறவையையும் மனிதரையும் ஒன்றாக வைக்கிறேன் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். எனக்கு அந்தக் கை ஞாபகம் வருகிறது, அதைத் தடுக்க என்னால் முடியாது.

உங்கள் மருமகனைத் திட்ட வேண்டாம், தம்பி. திட்டு உங்களுக்குத்தான். அவன் குழந்தை. பிரெடெரிக் கோட்டை வாசலில் மான்கள் கைக்குக் கிட்ட வருவதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். மிருகம் என்றால் கிட்டப் போகலாம் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். ஓடாதே என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். நீங்களோ கமராவைத் தூக்கிக்கொண்டு காத்து நின்றிருக்கிறீர்கள்.

கிட்டப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. போன பெப்ரவரியில் இறக்கக்கண்டியில் கவிழ்த்து வைத்த தோணி ஒன்றின் நிழலில், ஈர மணலில் உட்கார்ந்தேன். கூட்டம் அறுபது எழுபது அடி தள்ளி நின்றது. நான் அசையவில்லை. முக்கால் மணி நேரம் போனது. தண்ணீரின் ஓரமாகவே மேய்ந்து மேய்ந்து அவை என் பக்கம் வந்தன. கடைசியில் ஒன்று என் செருப்பில் இருந்து நான்கடியில் நின்றது. சுளகில் கல் பொறுக்கும் அம்மம்மாவின் விரல் ஞாபகம் இருக்கிறதா? ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு, கண் எடுக்காமல் அடுத்ததற்குப் போகும். அதே வேகம், அதே கணக்கு. கறுத்த சொண்டு சேற்றைத் தொடுகிறது, எடுக்கிறது, தொடுகிறது. கால் விரலில் சேறு ஒட்டியிருந்ததைக் கண்டேன். பக்கத்தில் ஓர் உப்புக்கொத்தி வேறு மாதிரி. அது பெரிய கண்ணால் தேடும் பறவை. நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு குத்து, திரும்ப ஓட்டம். சேற்றுக்குள் சொண்டைவிட்டுத் தடவித் தேடுவது வளைமூக்கனின் வேலை, அதன் சொண்டு நுனியிலேயே உணர்வு இருக்கிறது. மூன்றும் ஒரே சேற்றில், ஒன்றின் சாப்பாட்டில் மற்றது கை வைக்காமல்.

இதைப் பார்க்க எனக்குக் கமரா தேவைப்படவில்லை. உங்களுக்குத் தேவை என்றால் கொண்டு போங்கள், உட்கார்ந்து எடுங்கள்.

நடக்கும்போது கூட்டத்தைப் பார்த்து நேரே போக வேண்டாம், கரைக்குச் சமாந்தரமாகப் போங்கள். பறவைகள் முதலில் மேய்வதை நிறுத்தும், தலையைத் தூக்கும். பிறகு உங்களுக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல நடக்கத் தொடங்கும். தலை தூக்கியபோதே நீங்கள் நின்றிருக்க வேண்டும். நடக்கத் தொடங்கிவிட்டால் இரண்டு எட்டுப் பின்னால் வையுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. திரும்பக் குனிந்து தின்னத் தொடங்கினால் உங்களை மன்னித்துவிட்டன என்று அர்த்தம். ஒற்றைக்காலில் முகத்தை முதுகில் செருகி நிற்பவற்றைத் தூங்குமூஞ்சி என்று நினைக்க வேண்டாம், தின்றது சமிக்கிற நேரம் அது. அப்புறம், ஆட்காட்டிக் குருவி கத்தினால் அந்த இடத்தில் உங்கள் வேலை முடிந்தது. வேறு வழியால் போங்கள்.

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 1987இல் இருந்து ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. நம் கரைக்கு எண்ணுகிற ஆட்கள் போதாது. உங்கள் மருமகனுக்கு அது நல்ல வேலை. கூட்டத்தில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வைத்துக்கொண்டு, பிறகு பத்துப் பத்தாக நகர வேண்டும். உங்கள் படத்திலேயே பழகலாம். நான் எண்ணினேன், 214 வந்தது. அவனுக்கு எவ்வளவு வருகிறது என்று எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. படத்தின் இடது கீழ் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் எழும்பவில்லை. சேற்றில் நிற்கிறது, ஒரு இறக்கை பாதி விரிந்திருக்கிறது. காலில் தங்கூசி, அதுதான் தூண்டில் நூல், சுற்றியிருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம், படத்தில் சரியாகத் தெரியவில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு சாம்பல்தீவுப் பாலத்தடியில் நிற்பேன். சின்னக் கத்தரிக்கோல் ஒன்றும் பழைய துவாய் ஒன்றும் கொண்டு வாருங்கள். மருமகனையும் கூட்டி வாருங்கள்.