கல்ச்சுரல் சென்டரா, கொள்முதல் நிலையமா? – வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவ வந்த கேள்வில பாதிக்கு மேல ஆர்க்கிடெக்சர் படிக்கிற பிள்ளைங்க அனுப்புனது. அடுத்த செமஸ்டர் தீசிஸ், அதாவது கடைசி வருஷ டிசைன் பிராஜெக்ட் ஆரம்பிக்குதுல்ல, அந்தப் பதட்டம் எழுத்துலயே தெரியுது. அதனால வீடு கட்டுறவங்க கேட்ட வாஸ்து, விரிசல், ஒழுகல் கேள்வியெல்லாம் அடுத்த தடவைக்கு வச்சுட்டு இப்ப இவங்களுக்கு மட்டும் பதில்.

கேள்வி: அக்கா, நான் பி.ஆர்க் அஞ்சாவது வருஷம். சொந்த ஊரு வலங்கைமான் பக்கம், வீட்ல விவசாயம். நம்ம ஊரு கலாச்சாரத்தை வச்சு தீசிஸ் பண்ணணும்னு ரொம்ப ஆசை. கும்பகோணத்துல ஒரு கல்ச்சுரல் சென்டர் பண்ணு, மண்டபம், கோபுரம்னு எலிவேஷன் நல்லா வரும்னு சீனியர்ஸ் சொல்றாங்க. அப்பாவோ, "ஊருக்கு ஒரு நல்ல கொள்முதல் நிலையம் வரைஞ்சு குடும்மா, அது போதும்"ங்குறார். அதெல்லாம் தீசிஸ் ஆகுமா? டிசைனப் பாத்து மார்க் போடுற ஜூரில என்ன சொல்வாங்க? – வலங்கைமான் வாசகி

பதில்: அப்பா சொன்னதைப் பண்ணும்மா. யோசிக்கவே வேணாம்.

கும்பகோணத்துல மண்டபத்துக்குப் பஞ்சமா சொல்லு, மகாமகக் குளத்தைச் சுத்தி மட்டும் 16 மண்டபம் நிக்குது, அதுக்குப் பக்கத்துல கண்ணாடியும் கான்கிரீட்டும் போட்டு கோபுர ஷேப்புல இன்னொன்னு வச்சா அதை யார் வந்து எதுக்குப் பயன்படுத்துவாங்கன்னு ஜூரி கேட்டா உன்கிட்ட பதில் இருக்காது. கொள்முதல் நிலையத்துக்கு யார் வருவாங்க, எப்ப வருவாங்க, எத்தன மூட்டையோட வருவாங்க, எத்தன ராத்திரி காத்துக் கெடப்பாங்கன்னு உனக்குப் பொறந்ததுலேர்ந்து தெரியும். அந்த அறிவு உன் கிளாஸ்ல எத்தன பேருக்கு இருக்கு?

குறுவை அறுப்பு நேரத்துல, அக்டோபர்ல, ஏதாவது ஒரு டிபிசி, அதாவது அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம், அது வாசல்ல சாயங்காலமா போய் நின்னு பாரு. அங்க கட்டடம்னு பாத்தா ஒரு சின்ன ரூம்தான், மத்ததெல்லாம் வெட்டவெளி. குமிச்சு வச்ச நெல்லு மேல தார்ப்பாய், தார்ப்பாய் ஓரத்துக்குச் செங்கல்லு, நடுவுல பள்ளம் விழுந்த எடத்துல மழைத்தண்ணி தேங்கி நிக்கும், அதைத் தள்ளிவிடுறதுக்குன்னே ஒருத்தர் குச்சியோட நிப்பாரு. தண்ணி எப்படியும் அடியில போயிடும், மறுநா பாய எடுத்தா ஓரத்து நெல்லு முளைவிட்டிருக்கும். ஈரம் 17 சதவீதத்துக்குள்ள இருந்தாத்தான் எடுப்பாங்க, மழை அதிகமான வருஷத்துல மத்திய அரசு கொஞ்சம் தளர்த்தும், ஆனா அந்த உத்தரவு வர்ற வரைக்கும் நெல்லு அங்கயே கெடக்கணும். பெரியவங்க ஒரு நெல்ல எடுத்துப் பல்லுல கடிச்சுப் பாத்தே காஞ்சிருக்கா இல்லையான்னு சொல்லிடுவாங்க, மீட்டர் அதுக்கு அப்புறம்தான்.

முன்ன இந்தத் தொல்லை இந்த அளவுக்கு இல்லாததுக்குக் காரணம் இருக்கு. கையறுப்பு அறுத்தப்ப கதிர் வயல்லயே கொஞ்சம் காயும், கட்டு கட்டி களத்துக்கு வந்து, அடிச்சு, பொலி தூத்தி, கொஞ்சம் கொஞ்சமா வீட்டுக்கு வரும். இப்ப மெஷின் வந்து ஊரு முழுக்க சில நாள்ல அறுத்துத் தள்ளிடுது, ஈர நெல்லு அத்தனையும் ஒரே வாரத்துல ஒரே வாசல்ல வந்து நிக்குது. களம் மட்டும் பழைய அளவுலயே இருக்கு, பல ஊர்ல களமே இல்ல, அதான் ஜனங்க ரோட்ல காயப்போடுறாங்க.

இதைக் கணக்கா போட்டுக் காட்டு. ஒரு டன் நெல்ல ஒரு இஞ்ச் கனத்துல பரப்புனா 700 சதுர அடிக்கு மேல எடம் புடிக்கும். ஏக்கருக்கு 40 கிலோ சிப்பம் ஒரு 50 வச்சுக்கிட்டாலும் 2 டன், அப்ப ஒரு ஏக்கர் நெல்லு காய மட்டும் ஏறக்குறைய 1,500 சதுர அடி வேணும். ஊர்ல 300 ஏக்கர் குறுவைன்னா நீ எவ்வளவு பெரிய களம் போட்டாலும் பத்தாது. அதனால உன் டிசைன்ல முதல் கேள்வி காயவைக்கிற எடம் இல்ல, காத்திருக்கிற எடம். நெல்லு நனையாம ஒரு வாரம் எப்படி காத்திருக்கும், அதோட வந்த ஆளு எங்க படுப்பாரு, சாக்குத் தைக்கிற பொம்பளைங்க, கூட்டி அள்ளுற பொம்பளைங்க எங்க பாத்ரூம் போவாங்க. இந்தக் கடைசி விஷயத்தைப் பிளான்ல ஓரமா ஒரு சின்னக் கட்டமா போட்டுட்டுப் போயிடாத, அதுக்குப் போற வழி, ராத்திரி லைட்டு, தண்ணி எல்லாம் சேத்து வரை.

தரை எவ்வளவு உசரம் வைக்கணும்னு ஊர்ப் பெரியவங்களக் கேளு, எந்த வருஷம் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு சுவத்தக் காட்டி சொல்வாங்க, அதுக்கு மேல ஏத்து. வடகிழக்குப் பருவமழை சாரலோட வரும், அதனால வடக்கேயும் கிழக்கேயும் கூரையத் தாழ இறக்கு, தெக்கேயும் மேக்கேயும் தொறந்து விடு. மூட்டைய வெறுந்தரையில அடுக்காம அடியில கட்டை போட்டு அட்டி கட்டுற மாதிரி எடம் விடு, லாரி பின்பக்கம் மேடைக்குச் சமமா வந்து நின்னா லோடுமேன் முதுகு பொழைக்கும். கூரைக்கு நாலு பக்கமும் சரிவு குடு. 2018 நவம்பர் 16 கஜா அடிச்சப்ப நம்ம பக்கம் எத்தன ஷீட்டுக் கூரை பறந்துச்சுன்னு நீயே பாத்திருப்ப. காத்து ஓரத்தையும் மூலையையும்தான் முதல்ல தூக்கும், அங்க ஜே போல்ட்டு நெருக்கமா வேணும், கூரைய தூணோட, தூண அஸ்திவாரத்தோட புடிச்சுக் கட்டணும். இதை முழு சைஸ் டீட்டெயிலா ஒரு ஷீட்ல வரைஞ்சு வையி.

அப்புறம் வருஷத்துல பாதிக்கு மேல அங்க நெல்லே இருக்காது. மே 1, ஆகஸ்ட் 15 கிராம சபை, கோயில் திருவிழாவுல சாப்பாடு, பசங்க கபடி, ஒரு ஏழை வீட்டுக் கல்யாணம், புயல் வந்தா ஆளுங்க ஒதுங்க எடம், எல்லாம் அந்தக் கூரைக்குக் கீழயே நடக்கலாம். அப்ப அந்தக் கூரைய எந்தத் தெருவுல வைக்கிறேங்கிறது ரொம்ப முக்கியம். மேலத்தெருக் கோயில் வாசல்ல வச்சுட்டு எல்லாருக்கும் பொதுன்னு ஷீட்ல எழுதுனா காலனித் தெரு ஜனங்க வர மாட்டாங்க, அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு தெருவுலேர்ந்தும் யார் வாசலையும் தாண்டாம வர்ற மாதிரி எடம் பாரு. கிடைக்கலைன்னா கிடைக்கலைன்னு ரிப்போர்ட்ல எழுது, மறைக்காத.

ஜூரிக்கு: களம் எப்படி இருந்துச்சு, இன்னிக்கு என்ன ஆச்சு, நான் என்ன பண்றேன், இந்த வரிசைல பேசு. நம்ம டெல்டால நெல்ல விட்டுட்டு வேற எதைக் கலாச்சாரம்னு காட்டச் சொல்றீங்கன்னு மரியாதையா, ஆனா அழுத்தமா கேளு.

கேள்வி: மேடம், நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவக் கிராமத்துல ஸ்டுடியோ பிராஜெக்ட். ஜனங்களோட தேவையத் தெரிஞ்சுக்கணும்னு கொஸ்டினேர் குடுத்தோம், எல்லாரும் ஏசி கல்யாண மண்டபம் வேணும்னு எழுதிட்டாங்க. இப்ப என்ன பண்றது? – நாலாம் வருஷ மாணவர்

பதில்: தம்பி, "என்ன வேணும்"னு கேட்டா யாரா இருந்தாலும் பெருசா ஒண்ணு சொல்வாங்க, அது தப்பும் இல்ல, கல்யாணத்துக்கு டவுனுக்குப் போய் வாடகை குடுத்து நொந்தவங்க அப்படித்தான் கேப்பாங்க. அதையும் குறிச்சு வச்சுக்க. ஆனா பேப்பரக் கீழ வச்சுட்டு நேத்திய நாளப் பத்திக் கேளு. நேத்து மதியம் எங்க உக்காந்து வலை சரிபண்ணீங்க, அங்க நெழல் இருந்துச்சா, கருவாடு எங்க காயுது, நாய் வராம யாரு பாத்துக்கிறா, மீன் வித்துட்டு வந்த அம்மா அன்னக்கூடைய எங்க கழுவுறாங்க, அந்தத் தண்ணி எங்க போகுது. விடியக்காலம் படகு வர்ற நேரத்துக்கு நீயும் கரையில இருக்கணும், பத்து மணி பஸ்ஸுல போய் இறங்குனா ஊரு பாதி வேலைய முடிச்சிருக்கும்.

இந்தக் கடற்கரைல இதுக்கு ஒரு பெரிய பாடம் நடந்திருக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் நாகை மாவட்டத்துல ஆயிரக்கணக்குல வீடு கட்டுனாங்க, கட்டுனது நல்ல மனசோடதான். ஆனா பல எடத்துல மரத்தையெல்லாம் வெட்டி சமமாக்கி, வரிசையா காங்கிரீட் தளம் போட்ட ஒரே மாதிரி வீடு, தெருவுல பொட்டு நெழல் இல்ல, வலை போட எடம் இல்ல. வெயில் ஏறுனதும் உள்ள இருக்க முடியாம ஜனங்க வாசல்ல அவங்களே கீத்துப் பந்தல் போட்டுக்கிட்டாங்க. அதே நேரத்துல தரங்கம்பாடி, சின்னங்குடி பக்கம் பென்னி குரியகோஸ்ங்கிற ஆர்க்கிடெக்ட் தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்போட சேர்ந்து, அந்தந்தக் குடும்பத்தைக் கேட்டு வீடு பண்ணாரு. ரெண்டு மாதிரி எடத்துக்கும் போ, மதியம் ரெண்டு மணிக்குப் போ, ஜனங்க எங்க உக்காந்திருக்காங்கன்னு வரைஞ்சுக்கிட்டு வா. உன் கேஸ் ஸ்டடி அதுதான். அந்த வீட்டுக்காரங்க கூட்டிக் கட்டுனது, மாத்துனது, அடைச்சது எல்லாத்தையும் அளந்து குறிச்சுக்க, கொஸ்டினேர்ல வராத பதிலெல்லாம் அதுல இருக்கு.

கேள்வி: திருபுவனத்துல பட்டு நெய்யிறவங்களுக்கு வீட்டோட சேர்ந்த தறிக்கூடம் டிசைன் பண்றேன். மழைக்காலத்துல தறிக்குழில தண்ணி ஊறுதுன்னு சொல்றாங்க. குழியே இல்லாத தறிக்கு மாத்திடலாமா?

பதில்: அதை நீங்க முடிவு பண்ணக் கூடாது, நெய்யிறவங்க முடிவு பண்ணணும். குழில காலு வச்சு உக்காந்தே பழகுன ஒடம்பு, தறிய மாத்துனா இடுப்பும் முட்டியும் வேற மாதிரி வேலை செய்யணும், கை வேகமும் குறையும். 2019ல புவிசார் குறியீடு வாங்குன பட்டு, சும்மா கை வைக்காதீங்க.

வேற வழி ஒண்ணு பாருங்க. குழிய ஆழப்படுத்தாம தரையவே ஏத்துங்க. குழி ரெண்டரை அடி ஆழம்னா தறிக்கூடத் தரை தெருவ விட மூணு அடி மேல, அப்ப குழியோட அடி தெரு மட்டத்துக்கு மேல நின்னுடும், தண்ணி ஊறாது. மூணு அடி வயசானவங்களுக்கு ஏற முடியாதேன்னா நடுவுல ஒரு திண்ணைய வைங்க, ஒண்ணரை அடில திண்ணை, அதுக்குக் கீழயும் மேலயும் ரெண்டு ரெண்டு படி. சாயங்காலம் நூல் சுத்துறவங்க அங்கயே உக்காருவாங்க. தரைய ஏத்துன அளவுக்குக் கூரையும் ஏறணும்கிறத மறந்துடாதீங்க, டிசைன் போடுற ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேல உக்காந்ததும் சாதாரண சீலிங் உயரம் பத்தாது. வெளிச்சம் வடக்குலேர்ந்து, நெய்யிறவங்க நெழல் துணி மேல விழாத பக்கமா வரணும். பாவு நூல, அதாவது துணியோட நீளவாக்கு நூல, நீட்ட தெருவுல எவ்வளவு நீளம் வேணும்னு நேர்ல அளந்துட்டு வாங்க, உங்க காம்பவுண்ட் சுவரு அதை மறிச்சிடக் கூடாது.

கேள்வி: எங்க ஸ்டுடியோல அரசோட கலைஞர் கனவு இல்லம் வீட்டுத் திட்ட அளவான 360 சதுர அடில வீடு பண்ணச் சொல்லிருக்காங்க. ரேழி, முற்றம், கூடம் எல்லாம் இந்த அளவுல எப்படி வரும்? – மன்னார்குடி

பதில்: வராது, வர வைக்கவும் வேணாம். ரேழியும் முத்தமும் நெலம் இருந்தவங்க வீடு. நீங்க யாருக்கு வீடு வரையறீங்களோ அவங்க தாத்தா பாட்டி இருந்தது மண்சுவரு கீத்துக் குடிசை, சமையல் வெளில, தூக்கம் வாசல்ல. அவங்க வீட்டு மரபைப் படிங்க. கீழவெண்மணில 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி உசத்திக் கேட்ட விவசாயக் கூலிக் குடும்பத்து 44 பேரு ஒதுங்குனது ஒரு சின்னக் குடிசைக்குள்ளதான், அந்தக் குடிசையோட கொளுத்துனாங்க. அந்த மண்ணுல இறங்கி நிலமில்லாதவங்களுக்கு நிலம் வாங்கிக் குடுத்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மா, அதுக்கப்புறம் குடிசையெல்லாம் நல்ல வீடாகணும்னு வயசான காலத்துலயும் அலைஞ்சாங்க. அதனால கீத்துக் கூரை அழகா இருக்கு, அதையே போடலாம்னு மட்டும் எழுதாதீங்க, அதுல இருந்தவங்க கேட்டது ஒழுகாத, எரியாத வீடு. 360ல 300 சதுர அடிக்கு மேல காங்கிரீட் கூரை போட்டாச்சுன்னா மிச்சம் 60ஐ சமையலுக்கும் வாசலுக்கும் ஒண்ணா யோசிங்க. கூடவே மேல மாடிப்படி எங்க வரும்னு இன்னிக்கே எடம் விடுங்க, பையன் கல்யாணத்துக்கு மேல ஒரு ரூம் ஏத்துவாங்க.

கேள்வி: என் பொண்ணு ஆர்க்கிடெக்சர் மூணாவது வருஷம். லீவு விட்டா பழைய வீடு, படித்துறைன்னு டேப்பத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா போயிடுது. இதெல்லாம் பின்னால வேலைக்கு ஆகுங்களா? – ஒரு அப்பா, திருவையாறு

பதில்: ஆகுங்க ஐயா, தாராளமா. அஞ்சு வருஷம் முடிச்சு ஆர்க்கிடெக்சர் கவுன்சில்ல பதிவு பண்ணிட்டா பாப்பாவும் மத்த எல்லாரையும் போல ஆர்க்கிடெக்ட்தான், அதுல எந்தக் குறையும் வராது. அதுக்கு மேல, ஒரு பழைய கட்டடத்தைத் தானே அளந்து வரையத் தெரிஞ்ச பிள்ளைக்கு பழுதுபார்ப்பு, புராதனக் கட்டடம் சம்பந்தமான ஆபீஸ்ல இன்டர்ன்ஷிப் கிடைக்கிறது சுலபம். ஆர்க்கிடெக்சர் மாணவர்களோட நாசா அமைப்பு இந்த மாதிரி ஆவணப்படுத்துற வேலைக்குன்னே லூயி கான் பேருல ஒரு டிராபி வச்சிருக்கு, காலேஜ்ல டீமா கலந்துக்கச் சொல்லுங்க. உங்க ஊர்ப் படித்துறையில ஆடிப்பெருக்கு அன்னிக்கு எந்தப் படில யார் உக்காந்து படைக்கிறாங்கன்னு வரைஞ்சு வச்சாலே அது பெரிய வேலை, யாராவது சீரமைக்கிறேன்னு வந்து டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி அந்த டிராயிங் இருக்கணும். ஆத்துல தண்ணி வந்துட்டா கீழ்ப்படியெல்லாம் அளக்க முடியாது, அதனால மேட்டூர் ஜூன் 12 தொறக்கிறதுக்கு முன்னாடி முடிச்சிடச் சொல்லுங்க, முடிஞ்சா நீங்களும் ஒரு நாள் கூடப் போங்க, டேப்போட அந்த முனையப் பிடிக்க எப்பவும் ஒரு ஆள் தேவைப்படும்.