மெயிலில் ரேட் லிஸ்ட் அனுப்ப ஆபீஸ் பேக்கேஜ் வாங்க வேண்டுமா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூரில் மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறேன். பெங்களூரா, அல்போன்சா, மல்கோவா என்று ரகவாரியாக எக்செல்லில் ரேட் போட்டு மெயிலில் இணைத்து அனுப்புகிறேன். "போன்ல திறக்கல, மெயில்லயே தெரியற மாதிரி அனுப்புங்க" என்கிறார்கள் வாங்குபவர்கள். அதற்கு அவுட்லுக் என்ற மெயில் மென்பொருளோடு சேர்ந்த முழு ஆபீஸ் பேக்கேஜ் வாங்கச் சொல்கிறார் கம்ப்யூட்டர் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இதற்காக மட்டும் என்றால் வேண்டாம். கடைக்காரர் சொல்வது முழுப்பொய்யும் இல்லை. எக்செல்லிலிருந்தே ஷீட்டை மெயிலின் உள்ளடக்கமாக அனுப்பும் ஒரு கட்டளை உண்டு. அது 2007 பதிப்பிலிருந்து மேல்பட்டையில் இல்லை, நாமே தேடி எடுத்துச் சேர்க்க வேண்டும். கணினியில் பழைய வகை அவுட்லுக்கும் இருக்க வேண்டும். பத்து வரி ரேட் லிஸ்டுக்கு இவ்வளவு செலவா?

உங்களிடம் இருக்கும் எக்செல்லே போதும். கூகுள் ஷீட்ஸும் லிப்ரே ஆபீஸும் இலவசம்தான். கட்டங்களைத் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து, கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, எழுதும் இடத்தில் ஒட்டுங்கள். அட்டவணை கோடுகளோடு வந்து உட்காரும். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்தாக ஒட்டி, பத்திகள் (மேலிருந்து கீழாகப் போகும் வரிசைகள்) கலைந்துவிடும். போனிலிருந்து ஒட்டினாலும் பெரும்பாலும் அதே கதிதான்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. ரேட் ஷீட்டில் உங்கள் அடக்க விலையும் ஒரு பத்தியில் இருக்கும், அதை மறைத்து வைத்திருப்பீர்கள். மறைத்த பத்தி அழிந்த பத்தி அல்ல. ஃபைலை இணைத்து அனுப்பினால், வாங்குபவர் இரண்டு கிளிக்கில் அதை வெளியே எடுத்து, "அண்ணே, உங்களுக்கே இவ்வளவுதான் ஆகுது போல" என்று பேரத்தை ஆரம்பிப்பார். ஒட்டும்போதும் மறைத்தது கூடவே வரலாம். அதனால் ரகம், கன்றின் வயது, பை அளவு, விலை என்ற நான்கு பத்தியை மட்டும் புது ஷீட்டுக்கு மாற்றி, அங்கிருந்து காப்பி செய்யுங்கள். எக்செல்லில் ஆல்ட் விசையோடு அரைப்புள்ளியை அழுத்தினால் கண்ணுக்குத் தெரியும் கட்டங்கள் மட்டும் தேர்வாகும், அதுவும் உதவும்.

நான்கு பத்திக்கு மேல் போனால் போன் திரையில் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டிவரும். முதலில் உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிப் போனில் திறந்து பாருங்கள். லிஸ்ட் ரொம்ப நீளமானால், 102 கேபியைத் தாண்டும் மெயிலை ஜிமெயில் நடுவிலேயே வெட்டிக் காட்டும். அப்போது பிடிஎஃப் இணைப்பதே மேல். ஸ்கிரீன்ஷாட் மட்டும் வேண்டாம். அதிலிருந்து எண்ணைக் காப்பி எடுப்பதும் எளிதல்ல, பிறகு மெயிலில் தேடினால் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது.

பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும்போது முகவரிகளை பிசிசி கட்டத்தில் போடுங்கள். ஒருவர் முகவரி இன்னொருவருக்கு எதற்கு? இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 முகவரிதான் வரம்பு.

கேள்வி: மெயிலில் போட்ட விலையை வாங்குபவர் ஏற்றுக்கொண்டு பிறகு மறுத்தால், அந்த மெயில் செல்லுமா?

பதில்: செல்லும். மின்னணு வழியில் செய்த ஒப்பந்தம் என்பதாலேயே அது செல்லாது என்று சொல்ல முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 10ஏ அதைத்தான் சொல்கிறது. நீதிமன்றத்துக்கு அச்சுப் பிரதி கொண்டுபோனால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, அந்த மின்னணுப் பதிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதற்கான சான்றிதழும் வேண்டும். "இந்த விலை இன்ன தேதி வரை, வண்டி வாடகை தனி" என்று அட்டவணைக்கு மேலே ஒரு வரி எழுதிவிடுங்கள். வாங்குபவர் "ஓகே" என்று போனில் சொன்னாலும், அதே மெயிலுக்குப் பதிலாக ஒரு வரி போடச் சொல்லி, அட்வான்ஸ் வாங்குங்கள்.