கணக்கு நோட்டு – கடிதம்

வணக்கம் சார்,

சென்னையின் பழைய பெண்கள் கல்லூரிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அம்மா 1952-இல் ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் (பள்ளிக்குப் பிறகு, பட்டப் படிப்புக்கு முன் படித்த இரண்டாண்டுப் படிப்பு) சேர்ந்தவர். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கத்துக் கிராமம். இப்போது என்னோடுதான் இருக்கிறார். பழைய ஞாபகமெல்லாம் நன்றாக இருக்கிறது, நேற்று நடந்ததுதான் நிற்பதில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். ஒரு குரூப் போட்டோ, ஆட்டோகிராப் நோட்டு, கணக்கு எழுதிய நோட்டு ஒன்று, மெஸ் ரசீதுகள், தாத்தா ஹாஸ்டல் வார்டனுக்கு எழுதிய கடிதத்தின் நகல். போட்டோவின் பின்னால் ‘ஸ்டோன் ஹவுஸ்’ என்று மட்டும் இருக்கிறது. போட்டோவை லேமினேட் செய்து மாட்டிவிட்டு மற்றதைப் பழைய பேப்பரில் போட்டுவிடலாம் என்கிறான் என் மகன். அம்மா பெரிய ஆளாக ஒன்றும் வரவில்லை, கல்யாணமாகி ஊரோடு இருந்துவிட்டார். இதெல்லாம் வரலாற்றில் சேருமா? கல்லூரிக்கே கொடுத்துவிடலாமா? சில பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

த., தர்மபுரி

அன்புள்ள த.,

முதலில் மகனைக் கொஞ்சம் தடுத்து வையுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க வராது, பிரித்தால் படமும் கூடவே வரும்.

ஸ்டோன் ஹவுஸ் அந்தக் கல்லூரிக் கட்டடங்களில் ஒன்று. 1914-இல் கடற்கரைச் சாலையில் கேப்பர் ஹவுஸ் என்ற பங்களாவில் 37 மாணவிகளோடு தொடங்கிய கல்லூரி அது. டி லா ஹே அம்மையார்தான் முதல் முதல்வர். இடம் போதாமல் 1915-இல் பென்ட்லண்ட் ஹவுஸ், 1918-இல் ஸ்டோன் ஹவுஸ், 1921-இல் ஜெய்ப்பூர் ஹவுஸ் என்று வளர்ந்தது. இவ்வளவும் தேடினால் கிடைத்துவிடும். காரணம், அது அரசுக் கல்லூரி. கட்டடத்துக்கு எவ்வளவு, ஆசிரியைக்கு என்ன சம்பளம் என்பதெல்லாம் கல்வித் துறை அரசாணைகளாக எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேரும். 1915-இல் வந்த மகளிர் கிறித்தவக் கல்லூரியைப் பல மிஷன்கள் சேர்ந்து நடத்தின. பணம் கடல் கடந்து வந்தது, அறிக்கை கடல் கடந்து போனது. ஆக, பணம் கொடுத்தவர் கணக்குக் கேட்ட இடத்தில் காகிதம் தங்கியிருக்கிறது. மாணவிகள் சனிக்கிழமை சாயங்காலம் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை, அதனால் அதற்குக் காகிதமும் இல்லை.

உங்கள் அம்மாவிடம் உங்கள் தாத்தா கணக்குக் கேட்டிருக்கிறார். எனக்கு அந்த கணக்கு நோட்டுதான் பெட்டியிலேயே பெரிய சொத்து. நீங்கள் அனுப்பிய பக்கங்களில் ‘ட்ராம் 1 அணா’ திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்த ஆண்டுப் பக்கத்தில் ட்ராமே இல்லை, எல்லாம் பஸ். 1953 ஏப்ரலில் சென்னையில் ட்ராம் ஓடுவது நின்றுபோனது. பதினாறு பதினேழு வயதுப் பெண் அதை ஒரு வரிகூட எழுதாமல் பதிவு செய்திருக்கிறார். அப்புறம் அந்த ‘சில்லறைச் செலவு’. தபால் தலை, தேங்காய் எண்ணெய், நூல்கண்டு எல்லாம் பெயர் சொல்லி எழுதியவர், சனிக்கிழமைகளில் மட்டும் ஆறணாவைச் சில்லறையில் போடுகிறார். அப்பாவுக்குக் காட்ட வேண்டிய நோட்டில் சினிமா என்று எழுத முடியுமா? என் ஊகம்தான். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், சிரித்தால் சரி என்று வைத்துக்கொள்ளலாம்.

தாத்தாவின் கடிதமும் சும்மா இல்லை. ‘பொங்கலுக்கு அனுப்பவும், மொரப்பூர் ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்’ என்கிறார். தர்மபுரிக்கும் மொரப்பூருக்கும் ஓடிய குட்டி ரயிலைப் போர்க்காலத்தில் நிறுத்திவிட்டிருந்தார்கள். மெட்ராஸ் வண்டியிலிருந்து மொரப்பூரில் இறங்கினால் மீதி தூரம் சாலையில்தான். தர்மபுரியில் அரசு கலைக் கல்லூரி வந்ததே 1965-இல். தர்மபுரி தனி மாவட்டமானதும் அதே ஆண்டு. அதற்குப் பதின்மூன்று ஆண்டு முன்பே ஒரு கிராமத்து அப்பா மகளைக் கடற்கரை ஹாஸ்டலில் விட்டிருக்கிறார். அவர் யாரோடு சண்டை போட்டு அனுப்பினார் என்பதையும் கேட்டு வையுங்கள்.

பெரிய ஆளாக வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கல்லூரியில் படித்த தாவரவியலாளர் ஜானகி அம்மாளைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். அவரோடு படித்த மற்றவர்களைப் பற்றி எழுத ஒருவருமில்லை. ஹாஸ்டல் நிறைய இருந்தது அந்த மற்றவர்கள்தானே?

ஆட்டோகிராப் நோட்டில் மூன்று பக்கம் தெலுங்கு. 1952 டிசம்பர் 15-இல் பொட்டி ஸ்ரீராமுலு தனி ஆந்திர மாநிலம் கேட்டு உண்ணாவிரதமிருந்து உயிர்விட்டது மயிலாப்பூரில், கல்லூரி இருக்கும் அதே மயிலாப்பூரில். மதராஸ் யாருக்கு என்று ஊரே பிரிந்து நின்ற நேரம். ‘மதராஸ் மனதே’ (தெலுங்கில் ‘நம்முடையதே’) என்று தெலுங்கர்கள், ‘மதராஸ் நமதே’ என்று நம்மவர்கள். அடுத்த அக்டோபரில் ஆந்திரம் தனி மாநிலமானது. அந்த வாரங்களில் தமிழ்ப் பெண்களும் தெலுங்குப் பெண்களும் ஒரே மெஸ்ஸில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். பேசிக்கொண்டார்களா, பேச்சை நிறுத்தினார்களா? எந்த அரசாணையிலும் இது இருக்காது. உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. துருப்பிடித்த குண்டூசிகளை எடுங்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். எல்லாப் பக்கத்தையும், வெற்றுப் பக்கம் உட்பட, வரிசையாகப் படமெடுங்கள். குரூப் போட்டோவில் இருப்பவர்களை இடமிருந்து வலமாக அம்மா சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதி, போட்டோவோடு வையுங்கள். அவர் பேசும்போது போன் ரெக்கார்டரை ஓடவிடுங்கள், நடுவில் தேதியைத் திருத்தாதீர்கள். எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கட்டும். போட்டோ ஒரு வீட்டில், நோட்டு ஒரு வீட்டில் என்று பங்கு போட்டுவிடாதீர்கள்.

கல்லூரிக்கு நகல் மட்டும் கொடுங்கள். முதல்வர்கள் மாறுவார்கள், அலமாரிகளும் மாறும். அசலைக் கொடுப்பதென்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள், ஆனால் அவசரமில்லை. அம்மா இருக்கும்வரை அவர் கையிலேயே இருக்கட்டும்.

நாளைக்கே அந்தத் தெலுங்குப் பக்கங்களை அவரிடம் காட்டி, யார் யார் என்று கேளுங்கள். எழுதியிருப்பது புரியவில்லையென்றால் படத்தை எனக்கு அனுப்புங்கள். ஓசூரில் தெலுங்கு படிக்கத் தெரிந்த நண்பர்கள் இருக்கிறார்கள்.