முதலை ரத்தமும் பாக்டீரியாவும்: வாசகர் கேள்விகள்

முதலைகள் சண்டையில் கால் இழந்தும் அழுக்குத் தண்ணீரிலேயே கிடக்கின்றன. புண் சீழ் வைப்பதில்லையே, எப்படி?
– திருவாரூரிலிருந்து ஒரு வாசகர்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் மெக்னீஸ் பல்கலைக்கழக வேதியியலாளர் மார்க் மெர்ச்சன்ட் இதே கேள்வியைத்தான் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனார். முதலையின் உறவான அமெரிக்க அலிகேட்டரின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) அவர் குழு 23 வகை பாக்டீரியாக்களோடு சேர்த்துப் பார்த்தது. முடிவு 2003இல் வெளிவந்தது. 23 வகைகளையும் அந்தச் சீரம் தாக்கியது. மனித சீரத்தால் 8 வகைகளைத்தான் தாக்க முடிந்தது.

அந்தச் சீரத்தை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கினார்கள், திறன் போனது. புரதத்தைச் செரிக்கும் நொதியைச் சேர்த்தபோதும் போனது. கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. சேர்த்தபோதும் போனது. இந்த மூன்று அடையாளங்களும் கைகாட்டுவது 'காம்ப்ளிமென்ட்' எனப்படும் நிரப்புப் புரதங்களை. சி3 என்ற புரதம் பாக்டீரியாவின் மேல் ஒட்டும். அடுத்தடுத்த புரதங்கள் அதன்மேல் கூடி, கடைசியில் ஒரு வளையமாகச் சவ்வில் துளை போடும். தண்ணீர் உள்ளே பாய்ந்து பாக்டீரியா வெடிக்கும். முன்பின் பார்க்காத கிருமி மீதும் இது உடனே பாயும். நமக்கும் இந்தப் புரதங்கள் உண்டு, வீச்சுதான் குறைவு.

இந்தப் படையோடு வெள்ளையணுக்களில் பெப்டைடுகள் எனப்படும் சின்னஞ்சிறு புரதத் துண்டுகளும் உண்டு. சயாமிய முதலையின் வெள்ளையணுக்களிலிருந்து தாய்லாந்து ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த லூக்ரோசின்-1இல் இருப்பவை வெறும் 7 அமினோ அமிலங்கள்.

சீழ் வைப்பதில்லை என்பது மட்டும் சரியல்ல. நம் சீழ் நீராக இருக்கக் காரணம், நம் வெள்ளையணுக்களின் நொதிகள் திசுவைக் கரைத்துவிடுவது. ஊர்வனவற்றில் அந்த வேலையைச் செய்யும் ஹெட்டிரோஃபில் என்ற வெள்ளையணுக்களுக்கு அந்த அளவு கரைக்கும் திறன் இல்லை. ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் புரத இழைகள் கிருமியைச் சுற்றிப் பாலாடைக்கட்டி போன்ற கெட்டி உருண்டையாகச் சுவர் கட்டிவிடும். வெளியே ஒன்றும் வடியாததால் புண் சுத்தமாகத் தெரிகிறது. முதலை வளர்ப்பிடங்களில் இந்த உருண்டையைக் கீறிவிட்டுக் காத்திருந்தால் எதுவும் வடியாது. கால்நடை மருத்துவர் அதை முழுதாகத் தோண்டி எடுக்க வேண்டும்.

அப்படியானால் முதலைக்குத் தொற்றுநோயே வராதா?
– ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

தாராளமாக வரும். முதலைக்குச் சொந்த உடற்சூடு கிடையாது. சீரத்தின் வேகம் வெயிலைப் பொறுத்தது: குளிரில் மந்தம், 30 டிகிரியை ஒட்டி உச்சம். குஞ்சுகளைக் குளிர்ந்த தொட்டியில் நெருக்கி அடைத்தால், மன அழுத்த ஹார்மோன் ஏறி எதிர்ப்புச் சக்தி இறங்கும். குடலில் சும்மா கிடந்த ஏரோமோனாஸ், சால்மொனெல்லா பாக்டீரியாக்கள் ரத்தத்தில் புகுந்து கொத்தாகக் கொன்றுவிடும். மருந்து கொடுக்கும் முன் தண்ணீரின் சூட்டை அளந்து பாருங்கள் என்பதுதான் அனுபவசாலிகளின் முதல் அறிவுரை.

இன்னொன்று. அலிகேட்டர் சீரம் சோதனைக் குழாயில், கொசு பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸை அடக்கியது. ஆனால் ஜார்ஜியா, புளோரிடா மாநிலப் பண்ணைகளில் இளம் அலிகேட்டர்கள் அதே வைரஸால் மடிந்தன. குழாயில் கண்டது உடம்புக்குள்ளும் அப்படியே நடக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறேன். முதலைச் சீரத்தைச் சோதிக்க விரும்புகிறேன். எங்கே தவறு நேரும்?
– திருச்சியிலிருந்து ஒரு மாணவி

முதலில் சட்டம். நம் சதுப்பு முதலை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒரு சொட்டும் எடுக்கக் கூடாது. ரத்தம் எடுப்பது கால்நடை மருத்துவரின் வேலை. தலைக்குப் பின்னால் முதுகெலும்பின் மேலுள்ள ரத்தக் குழியிலிருந்து, உடல் எடையில் 0.5 சதவீதத்துக்குள் எடுப்பார். அதுவரை ஆட்டுச் சீரத்திலோ கோழிச் சீரத்திலோ கை பழகுங்கள்.

பலர் சறுக்குவது குழாயில். ஊதா மூடிக் குழாயில் ஈ.டி.டி.ஏ. இருக்கும், அதில் எடுத்தால் நிரப்புப் புரதம் அங்கேயே முடங்கிவிடும், "முதலை ரத்தத்தில் ஒன்றும் இல்லை" என்று எழுதிவிடுவீர்கள். எதுவும் சேர்க்காத குழாயில் உறையவிட்டு, சுழற்றிப் பிரித்து, 200 மைக்ரோலிட்டர் பங்குகளாக மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரு பங்கை ஒருமுறைதான் உருக்க வேண்டும். உருக்கிய பின் பனிக்கட்டியில் இருக்கட்டும்.

மில்லிக்கு 1 லட்சம் பாக்டீரியா போதும். கோடிக்கணக்கில் கொட்டினால் புரதம் தீர்ந்துபோய்த் திறன் இல்லாதது போலத் தெரியும். கலங்கலை மட்டும் அளக்காதீர்கள், சீரமே கலங்கும். 0, 1, 2, 4 மணி நேரங்களில் தட்டில் பரப்பிக் காலனிகளை எண்ணுங்கள். 37 டிகிரியோடு 25, 30 டிகிரியிலும் செய்யுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, 56 டிகிரியில் சூடாக்கித் திறன் போக்கிய சீரம் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கல்லூரிகளில் கிடைக்கும் கே-12 வகை ஈ.கோலை பாக்டீரியா எந்தச் சீரத்துக்கும் எளிதில் சாகும். அது செத்ததை வைத்து ஆய்வேட்டை முடித்துவிடாதீர்கள். சீரத்தைத் தாங்கும் வகை ஒன்றையும் வையுங்கள். உங்கள் ஆய்வின் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

தாய்லாந்தில் முதலை ரத்த மாத்திரை விற்கிறார்களாமே, சாப்பிட்டால் எதிர்ப்புச் சக்தி கூடுமா?
– மதுரையிலிருந்து ஒரு வாசகர்

கூடாது. வயிற்றுக்குள் போன நிரப்புப் புரதம் மற்றப் புரதங்களைப் போலவே செரித்துவிடும். ஊசியாகப் போட்டால் இன்னும் ஆபத்து: அலிகேட்டர் சீரம் செம்மறி ஆட்டின் ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கிறது, அந்த உடைப்பைக் கொண்டுதான் சீரத்தின் வலிமையை அளக்கிறார்கள். பச்சை ரத்தம் குடிப்பதில் சால்மொனெல்லா அபாயமும் உண்டு. மருந்துக்கான நம்பிக்கை, பெப்டைடுகளைச் செயற்கையாகச் செய்து, நம் அணுக்களைத் தாக்காதபடி திருத்துவதில் இருக்கிறது.

கொள்ளிடக் கரையில் வசிக்கிறோம். முதலை கடித்தால் என்ன செய்வது? அதன் வாயில் கிருமி இருக்காதுதானே?
– சிதம்பரம் அருகிலிருந்து ஒரு வாசகி

ரத்தம்தான் கிருமியைக் கொல்லும். வாய் நிறையக் கிருமிகள் உண்டு அம்மா. ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கட்டுப்படும் அளவு என்றால் ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவிவிட்டுப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். மருத்துவரிடம் "முதலை, ஆற்றுத் தண்ணீரில்" என்று சொல்ல மறக்காதீர்கள். ஏரோமோனாஸுக்கு ஆம்பிசிலின் இயல்பாகவே வேலை செய்யாது, அதனால் அவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார். பல் ஆழமாக இறங்கிய துளையை உடனே தைத்து மூடாமல் விட்டால் பயப்படாதீர்கள். உள்ளே கிருமி அடைபடாமல் இருக்கத்தான் அப்படி. எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே, டெட்டனஸ் ஊசி இரண்டும் தேவை. ரேபிஸ் ஊசி தேவையில்லை. ஊர்வன அந்த நோயைப் பரப்புவதில்லை. அடுத்த இரண்டு நாளில் காய்ச்சலோ, சிவப்பும் வீக்கமும் மேலேறுவதோ தெரிந்தால், மாத்திரை முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே திரும்பப் போங்கள்.