கடலோரத்தில் 16 வருடப் பழைய ஆல்டோவைச் சரிசெய்து ஓட்டலாமா, விற்றுவிடலாமா?

மண்டபத்தில் இருக்கிறீர்கள், 2009 மாடல் ஆல்டோ, 90 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, இன்ஜினில் ஒரு குறையும் இல்லை, ஆனால் மெக்கானிக் "வித்துருங்க சார்" என்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இருப்பதும் ஆல்டோதான், 2006 மாடல். 2013-இல் பழைய வண்டியாக வாங்கி உச்சிப்புளியில் வைத்திருக்கிறேன். இன்றைக்கும் தினமும் ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போய்வருவது அதில்தான். என் அனுபவத்தில் சொல்வது இது: இன்ஜினை வைத்து முடிவெடுக்காதீர்கள். வண்டிக்கு அடியில் ஒரு பாயை விரித்துப் படுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நம் பக்கத்தில் கார் இன்ஜினால் கெட்டுப்போவதில்லை. அந்த 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு நேரத்துக்கு ஆயில் மாற்றி, டைமிங் பெல்ட்டையும் கூலண்டையும் கவனித்தால் அது பாட்டுக்கு ஓடும். இங்கே முதலில் போவது தகரம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், இரும்பு எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கிறது என்று சோதித்துப் பார்க்க உங்கள் மண்டபத்தில்தான் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்களே, அதற்கும் தூக்குப் பகுதியில் ஏறிய துருதான் காரணம். 2025-இல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். நம் காரின் தகரமோ ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் கிடையாது.

மழை இல்லாவிட்டால் துரு வராது என்று பலர் நினைக்கிறார்கள். காற்றோடு வரும் உப்பு வண்டியின் மேலும் கீழும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடற்கரை ஊர்களில் பெரும்பாலான இரவுகள் அப்படித்தான். காலையில் பானெட்டில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள், பிசுபிசுக்கும். ஒரு சொட்டு மழை இல்லாமலே வண்டி இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் நனைந்து நிற்கிறது என்று அர்த்தம்.

எனக்கு இது புரிந்தது 2021-இல், தனுஷ்கோடி சாலையில். முகுந்தராயர் சத்திரம் தாண்டிப் பின்சக்கரம் பஞ்சர். மச்சான் கூட இருந்தார். கதவுக்குக் கீழே நீளமாக ஓடுமே, ரன்னிங் போர்டு என்பார்கள், அதற்கு அடியில் ஜாக்கியை வைத்துச் சுற்றினேன். அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். மச்சான் குனிந்து பார்த்துவிட்டு, "மாப்ள, வண்டி ஏறல, ஜாக்கி உள்ள போகுது" என்றார். வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது, உள்ளே தகரமே இல்லை. பின் அச்சுக்கு அடியில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் ஜாக்கியை வைத்துத்தான் சக்கரத்தை மாற்றினோம்.

மறுநாள் ராமநாதபுரத்தில் டிங்கரிங் பாயிடம் கொண்டுபோனேன். அவர் ரன்னிங் போர்டைப் பார்க்கவே இல்லை. முன்கதவைத் திறந்து, "தம்பி, மொதல்ல இந்தக் கார்ப்பெட்டத் தூக்குங்க" என்றார். தூக்கியதும் ஊறிப்போன சாக்கு வாடை. கார்ப்பெட்டுக்குக் கீழே இருந்த பஞ்சு மெத்தை தண்ணீரைக் குடித்துக் கனத்துக் கிடந்தது. அதைப் புரட்டினால் தகரம் காப்பிப் பொடி நிறத்தில் அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தது. பாய் ஸ்க்ரூடிரைவரை வைத்து மெதுவாக அழுத்தினார். அது இறங்கிக் கீழே தரையைத் தொட்டது. நான் கால் வைக்கும் இடம் அது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? வைப்பருக்குக் கீழே, பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அங்கே விழும் மழைத்தண்ணீர் ஓரத்தில் உள்ள துளை வழியாகக் கீழே வடிய வேண்டும். வெயிலுக்காக நான் வண்டியைச் சீமைக்கருவேல மரத்தடியில் நிறுத்திக்கொண்டிருந்தேன். அதன் பொடி இலை மணலோடு சேர்ந்து அந்தத் துளையைச் சாந்து போட்டது போல அடைத்திருந்தது. தண்ணீர் வழி தேடி உள்ளே இறங்கிவிட்டது. கதவுகளின் அடிவிளிம்பில் உள்ள சின்னத் துளைகளும் அப்படித்தான் அடைத்திருந்தன. துடைப்பக் குச்சியால் மாதம் ஒருமுறை குத்திவிட்டிருந்தால் தீர்ந்திருக்கும் வேலை. இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அதைத் தவறாமல் செய்கிறேன்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். தடித்த ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் கார்ப்பெட்டைத் தூக்கித் தரைத் தகரத்தில் குத்திப் பாருங்கள், டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியிலும். அப்புறம் கீழே படுத்து இரண்டு ரன்னிங் போர்டுகளிலும் குத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், சர்வீஸ் ஸ்டேஷனில் லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பது நல்லது. இந்த இடங்களில் ஓட்டை இருந்தால் பயப்பட வேண்டாம், வெட்டி ஒட்டலாம். பார்க்க வேண்டிய முக்கியமான இடங்கள் வேறு. பின் அச்சைப் பிடித்திருக்கும் கம்பிகள் அடித்தட்டோடு சேரும் இடம், பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஷாக் அப்சர்பரின் தலை உட்காரும் இடம், முன்சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் வண்டியோடு சேரும் இடம். இங்கெல்லாம் தகரம் பொத்தலாகியிருந்தால் உங்கள் மெக்கானிக் சொல்வது சரி. வேகத்தில் போகும்போது சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது அந்தத் தகரம்தான். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையில் அதை ஓட்டவும் வேண்டாம், உண்மையைச் சொல்லாமல் இன்னொருவர் தலையில் கட்டவும் வேண்டாம்.

அந்த இடங்கள் கெட்டியாக இருந்தால் செலவு செய்யுங்கள், வீண் போகாது. எனக்குத் தரையில் இரண்டு ஒட்டு, இரண்டு ரன்னிங் போர்டு எல்லாம் சேர்த்து 14 ஆயிரம் ரூபாய் ஆனது. வேலை கொடுக்கும்போது ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: துருப்பிடித்த தகரத்தை நல்ல தகரம் வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஓட்டையில் பட்டி பூசி பெயின்ட் அடித்துக் கொடுத்தால் ஒரு வருடத்தில் பட்டியோடு பெயர்ந்து விழும். வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள், பெட்ரோல் டேங்க் பக்கம் என்றால் டேங்கையே இறக்கச் சொல்லுங்கள். வெல்டிங் முடிந்ததும் துத்தநாக பிரைமர். ரன்னிங் போர்டின் உட்புறத்துக்கு ரப்பர் மூடியைக் கழற்றி, மெழுகு கலந்த துருத் தடுப்பு எண்ணெயை உள்ளே பீய்ச்ச வேண்டும். நம் ஊரில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

அடியில் கறுப்பாக அடிக்கும் ரப்பர் கோட்டிங் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். புது வண்டிக்கு நல்லது. பழைய வண்டியில் துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்தால், உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்துத் தைத்தது போல ஆகிவிடும். வெளியே அழகாக இருக்கும், உள்ளே தின்றுகொண்டே போகும். படகுகளில் துத்தநாகக் கட்டி மாட்டுகிறார்களே, காருக்கு மாட்டலாமா என்றும் நண்பர்கள் கேட்பதுண்டு. அந்தக் கட்டியும் இரும்பும் ஒரே தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் கரையும். தரையில் நிற்கும் காருக்கு அது பயன்படாது.

கழுவும் விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு ஒரு தனிக் கஷ்டம். போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அதில் வாட்டர் சர்வீஸ் செய்தால் மேலே இருந்த உப்பைக் கழுவிவிட்டுக் கீழே புது உப்பைப் பூசுகிறோம். குடிக்கிற தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் ஊரில் காரை அதில் குளிப்பாட்டவும் மனசு வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டியை வெளியே விடுகிறேன். மாடித் தண்ணீர் இறங்கும் குழாயில் ஹோஸ் மாட்டி அடிப்பக்கமும் சக்கர வளைவுகளிலும் அடிக்கிறேன். மற்ற மாதங்களில் இரண்டு குடம் நல்ல தண்ணீர், அதுவும் அடிப்பக்கத்துக்கு மட்டும். மேலே ஈரத்துணி போதும். ரேடியேட்டரில் மட்டும் அவசரத்துக்குக்கூடப் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

நிறுத்தும் இடத்தைக் காற்றைப் பார்த்து மாற்றுங்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், உப்பு அந்தப் பக்கமிருந்து வரும். வீட்டுக்கு வடக்கே நிறுத்தினால் வீடே மறைப்பு. வாடைக்காலத்தில் தெற்கே. பிளாஸ்டிக் கவரைப் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். மேலே கூரை, நாலு பக்கமும் காற்றோட்டம், அதுதான் வேண்டும். இரண்டு மூன்று நாள் எடுக்கப் போவதில்லை என்றால் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இல்லையென்றால் பின்சக்கரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், கேபிளும் இறுகிவிடும். அடியில் ஓடும் பிரேக் பைப்பும் இரும்புதான். அதில் துரு செதில் செதிலாக வந்திருந்தால் மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் அதை மாற்றுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

காலையில் செல்ஃப் இழுத்து இழுத்து எடுக்கிறது, ஹெட்லைட் மங்கல் என்றீர்கள். பேட்டரி வாங்குவதற்கு முன் எர்த் வயரைப் பாருங்கள். பேட்டரியின் மைனஸிலிருந்து பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும். அது போல்ட் போட்டுப் பிடித்திருக்கும் இடத்தில் துருப்பிடித்தால் கரண்ட் சரியாகப் போகாது. என் சித்தப்பா ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றினார். குறை அந்த ஒரு போல்ட்டில் இருந்தது. கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். 20 நிமிட வேலை.

காகிதக் கணக்கும் இருக்கிறது. 15 வருடம் முடிந்து உங்கள் ஆர்சியை 2024-இல் புதுப்பித்திருப்பீர்கள், அது 2029 வரை. 20 வருடம் கடந்த கார்களுக்கு மத்திய அரசு 2025-இல் புதுப்பிப்புக் கட்டணத்தை 10,000 ரூபாய் ஆக்கிவிட்டது. அடுத்த முறைக்கு அதையும், பசுமை வரியையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது தகரத்துக்குச் செலவு செய்தால் குறைந்தது அதுவரையாவது ஓடும்.

முதலில் கார்ப்பெட்டைத் தூக்குங்கள். ஸ்க்ரூடிரைவர் எங்கே இறங்கியது, எங்கே இறங்கவில்லை என்று கீழே எழுதுங்கள், அதை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.