மீனுக்குப் போடும் புண்ணாக்குத் தீவனத்தில் லைசின், மெத்தியோனின் பொடி கலந்தால் கருவாட்டுத் தூளை நிறுத்திவிடலாமா?

கட்லா, ரோகுதான் விட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கலக்கலாம். ஆனால் நான் முதலில் கலந்த மாதிரி கலக்காதீர்கள்.

லைசினும் மெத்தியோனினும் புரதத்துக்குள் இருக்கும் அமினோ அமிலங்கள், மீன் சதை வைக்க இரண்டும் வேண்டும். கடலைப் புண்ணாக்கில் புரதம் நிறைய, லைசின் குறைவு. சோயாவில் லைசின் பரவாயில்லை, மெத்தியோனின் இடிக்கும். எது குறைகிறதோ அந்த மட்டத்துக்குத்தான் மீன் சதை வைக்கும். மிச்சப் புரதம் அம்மோனியாவாகக் குட்டைக்கே திரும்பி வரும்.

எங்கள் குட்டை முக்கால் ஏக்கர், ஒரத்தநாடு பக்கம். கருவாட்டுத் தூள் விலை ஏறிய வருடம் கடலைப் புண்ணாக்கு 40 கிலோ, சோயா 20, தவிடு 40 என்று இறங்கினேன். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டதில் லைசின் சுமார் 350 கிராம் குறைந்தது. கடையில் கிடைப்பது லைசின் ஹைட்ரோகுளோரைடு, அதில் 78 சதவீதம்தான் லைசின். ஆக 450 கிராம். கணக்கெல்லாம் சரி. பொடியைத் தவிட்டோடு பிசறி, ஓட்டை போட்ட சாக்கில் கட்டி மூங்கிலில் தொங்கவிட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன். அந்தப் பொடி உப்பு மாதிரி தண்ணீரில் கரையக்கூடியது. மூன்றாவது வாரம் குட்டை பச்சைப் பசேல். விடிகாலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. மோட்டார் போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சித்தான் காப்பாற்றினோம். சாக்கைத் தூக்கினால் உள்ளே கஞ்சி. சித்தப்பா தொட்டு முகர்ந்துவிட்டு, "தம்பி, இதை மீனுக்கு வாங்கினியா, பாசிக்கு வாங்கினியா?" என்றார்.

பொடி மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை, மீன்வளம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். மிச்சம் கிடந்த தீவனமும் சேர்ந்திருக்கும்.

அப்புறம் மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சி, ஆறியதும் பொடியை அதில் கரைத்து, எல்லாவற்றையும் கெட்டியாகப் பிசைந்து, அச்சில் பிழிந்து நிழலில் உலர்த்தினேன். ஒரு துண்டை டம்ளர் தண்ணீரில் போட்டால் இருபது நிமிடமாவது உடையாமல் கிடக்க வேண்டும். இன்னொன்று, இந்த மீன்களுக்கு இரைப்பை கிடையாது. தனியாகச் சேர்த்த லைசின் சட்டென்று ரத்தத்தில் ஏறிவிடும், புண்ணாக்குப் புரதம் செரித்து வருவதற்குள் அது தீர்ந்துவிடும். அதனால் ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். கருவாட்டுத் தூளையும் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், கொஞ்சமாவது இருக்கட்டும். வாசனைக்காகவே மீன் வரும்.

"மிதவைத் தீவனம் வாங்கலாமே" என்று யாராவது கீழே எழுதுவார்கள். வாங்கலாம் சாமி, கடனை யார் கட்டுவது?

அடுத்த வருடம் மீன் நன்றாகத்தான் வந்தது. ஏற்ற வந்த வியாபாரி தண்ணீர் எடை என்று பெட்டிக்கு ஒரு கிலோ கழித்துக்கொள்வேன் என்றார். மீன் ஈரமில்லாமல் எப்படி ஐயா வரும்? 450 கிராமுக்கு ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டவன் நான். அவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.