அக்கி ஆறிய பிறகு மங்கும் கண்

கேள்வி: என் கணவருக்கு வயது 52. ஒன்றரை மாதம் முன்பு நெற்றியில் அக்கி வந்து ஆறியது. போன வாரம் வலது கண் சிவந்து, பூச்சி பறப்பதுபோல் இருந்தது. மெட்ராஸ் ஐ என்று நினைத்துக் கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விட்டோம். சிவப்பு குறைந்தது; பார்வை மங்கிவிட்டது. இப்போது விழித்திரையில் வைரஸ் என்கிறார்கள். கண்ணிலிருந்து நீர் எடுத்தவர்கள், முடிவு வருமுன்பே கண்ணுக்குள் ஊசியும் போட்டுவிட்டார்கள். அவசரப்பட்டுவிட்டார்களா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லை அம்மா, செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறார்கள். இதற்கு அக்யூட் ரெட்டினல் நெக்ரோசிஸ், அதாவது விழித்திரை வேகமாக அழிந்துபோதல் என்று பெயர். 1971இல் ஜப்பானில் உரயாமா குழுவினர் முதலில் விவரித்த நோய். அக்கியை உண்டாக்கும் வைரஸே பெரும்பாலும் காரணம். அதன் உறவான ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸாலும் வரும். விழித்திரையின் ஓரத்தில் வெளிர்மஞ்சள் திட்டுகள் தோன்றி, ஒன்றோடொன்று கூடி, நாள் கணக்கில் நடுப்பகுதிக்குப் பரவும். ஓரத்தில் தொடங்குவதால் ஆரம்பத்தில் எழுத்துப் பலகையைக்கூடத் தடையில்லாமல் படிக்கலாம். சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து ஓரம்வரை பார்த்தால்தான் பிடிபடும்.

எடுத்த நீர் 0.1 மில்லி அளவுதான் இருக்கும். பிசிஆர் சோதனையில் எந்த வைரஸ் என்று தெரியும். ஆனால் நெகட்டிவ் வந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது. விழித்திரையின் தோற்றத்துக்கே மதிப்பு அதிகம். அதனால்தான் காத்திருப்பதில்லை. சிபிலிஸ் என்ற பால்வினை நோயும், டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணித் தொற்றும் இதேபோல் தோன்றலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையும் எச்ஐவி பரிசோதனையும் கேட்பார்கள். தயங்காதீர்கள்.

வழக்கமான சிகிச்சை, எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து, 8 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாய் வழியாக, 7 முதல் 10 நாள். இது சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடும். ஆகவே ஒரு மணி நேரமாவது மெதுவாக ஏற்ற வேண்டும், உடலில் நீர் குறையக் கூடாது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்க வேண்டும். கண்ணுக்குள் போட்டது ஃபாஸ்கார்நெட் என்ற வைரஸ் மருந்தாக இருந்தால் 2.4 மில்லிகிராம். பிறகு மாதக்கணக்கில் மாத்திரை உண்டு. கண் தெளிந்துவிட்டதே என்று நிறுத்திவிடாதீர்கள். சிகிச்சை இல்லாவிட்டால் சுமார் மூன்றில் ஒருவருக்கு மறு கண்ணும் பாதிக்கப்படும், பெரும்பாலும் 6 வாரத்துக்குள்.

அந்தச் சொட்டு விஷயம்: சிவப்பு என்பது வைரஸை எதிர்த்து உடல் செய்யும் சண்டை. ஸ்டீராய்டு சண்டையை அடக்கும், வைரஸை விட்டுவிடும். ஸ்டீராய்டு இந்நோய்க்கும் தேவைப்படலாம். ஆனால் வைரஸ் மருந்து தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான்.

இனிப் பயப்பட வேண்டியது விழித்திரை விலகல். அழிந்த பகுதி நைந்த துணிபோல் ஓட்டை விழுந்து, சில வாரங்களிலோ மாதங்களிலோ பிரியலாம். மின்னல்போல் ஒளி வெட்டினாலோ, ஒரு பக்கம் திரை இறங்கினாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

கேள்வி: அக்கி எழுதினால் போதாதா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: காவி தோலின் மேல் நிற்கும், வைரஸ் இருப்பது நரம்பில். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து மாத்திரை தொடங்க வேண்டும். மூக்கு நுனியில் கொப்புளம் இருந்தால், கண் சிவக்காவிட்டாலும் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்புக் கிளைதான்.